வடக்குச் சுவர்

ஜனவரி 8, திங்கள்

குழியாடியோடு ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு நான்கு கட்டங்கள்: நேரம், வானிலை, பானையின் வெப்பம், உணவு தயாரான மணி. அதற்குக் கீழே முக்கால் பக்கம் காலி. நாற்பத்தேழு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இந்த விடுதிக்கு நான் காப்பாளர். காகிதத்தை வீணாக்கிப் பழக்கமில்லை. மீதி இடத்தில் நடப்பதை எழுதிவைக்கிறேன்.

ஆடி சமையலறைக்கு வடக்கே முற்றத்தில் நிற்கிறது. இரும்புச் சட்டத்தில் உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து, பெரிய தாம்பாளம்போலக் குழித்திருக்கிறார்கள். அதில் விழும் வெயில் முழுவதும் ஒன்பதடி தள்ளி ஓரிடத்தில் கூடும். அந்த இடம் சமையலறையின் வடக்குச் சுவரில் வெட்டிய ஒன்றரை அடி ஓட்டை. உள்ளே சாய்த்து வைத்த தகடு அந்த வெளிச்சத்தை மேலே திருப்பிப் பானையின் அடியில் விழவைக்கும். சூரியன் நகர நகர, கடிகாரம் போன்ற ஒரு பொறி ஆடியையும் மெல்லத் திருப்பும். பழைய மாணவிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

எதற்காக என்பதையும் எழுதிவிடுகிறேன். சமையல் செய்யும் வெயிலுகந்தாளுக்கு அக்டோபரில் இளைப்பு அதிகமாகி விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இந்த அம்மா பீடி குடிக்குமா என்று டாக்டர் கேட்டார். இல்லை, பத்தொன்பது வருடமாக விறகடுப்பு என்றேன். இனி ஒரு நாள்கூடப் புகையில் நிற்கக் கூடாது என்றார். காஸ் வைக்க நிர்வாகம் மூன்று வருடமாக ஒப்பவில்லை. செயலர் கோபால்சாமி சார் பிப்ரவரி 28 வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் மதியச் சோறும் குழம்பும் வெயிலிலேயே பன்னிரண்டே முக்காலுக்குள் தயாராக வேண்டும். ஆகவில்லையென்றால் ஆடியைக் கழற்றி வேறு விடுதிக்குக் கொடுத்துவிட்டு, விறகடுப்புக்கு வேறு ஆள் பார்ப்பார்.

வெயிலுகந்தாளுக்குச் சமையலறைக்குப் பின்னால் உள்ள அறைதான் வீடு. புது ஆளைப் பழக்குவது எனக்குச் சிரமம். அவ்வளவுதான்.

ஜனவரி 10, புதன்

நல்ல வெயில். சோறு தயாரானது 1.25.

எட்டாம் வகுப்பு அறிவியலைப் பதினோரு வருடம் எடுத்தவள் நான். கரும்பலகையில் குழியாடி வரைந்து, இணையாக வரும் கதிர்கள் பட்டுத் திரும்பிச் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் குவியம் என்று எழுதுவேன். ஆடி எந்தப் பந்திலிருந்து வெட்டிய துண்டோ, அந்தப் பந்தின் ஆரத்தில் பாதித் தூரத்தில் குவியம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்தப் புள்ளி சுடும் என்று ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. இன்று ஓட்டைக்கு முன்னால் ஒரு தென்னை மட்டையை நீட்டினேன். நான்கு எண்ணுவதற்குள் புகைந்தது.

இந்த ஆடி பந்தின் துண்டு இல்லையாம். பந்துபோல வளைத்தால் ஓரத்தில் விழும் கதிர்கள் முன்னதாகவே கூடிப் புள்ளி பரந்துபோகும், அதனால் பரவளையமாக வளைத்திருக்கிறோம் என்று பூட்ட வந்த டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போனார்.

வெயிலுகந்தாள் குழம்புக் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அதன் குழிக்குள் முகம் தலைகீழாகத் தெரிகிறது, முதுகில் நேராக, சிறுத்துத் தெரிகிறது. முதுகுக்குக் குவியம் கிடையாதா என்று கேட்டாள். உண்டு, ஆனால் ஆடிக்குப் பின்னால். கதிர்கள் அங்கிருந்து புறப்பட்டு வருவதுபோலத் தோன்றுமே தவிர அந்த இடத்தில் வெளிச்சம் இருக்காது என்றேன்.

“அப்ப அதுல சோறு வேகாது,” என்றாள்.

வேகாது என்றேன்.

ஜனவரி 12, வெள்ளி

வெயில். 1.30.

வெளிச்சம் ஓட்டையில் நிற்கமாட்டேன் என்கிறது. காலையில் ஓட்டைக்கு மேலே விழுகிறது. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சரியாக உள்ளே போகிறது. அதற்குப் பிறகு கீழே இறங்கிவிடுகிறது. ஆடியின் வளைவைச் சற்று மாற்ற ஒரு திருகு உண்டு. வெயிலுகந்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

“ஒம்பது மணிக்குச் சரி பண்ணுனா பன்னெண்டுக்குக் கெடுது டீச்சரு. எங்க வீட்டுக்காரரு மாதிரி. ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் போயிருவாரு.”

அவள் கணவர் இறந்து இருபத்தொரு வருடம். அவரைப் பற்றி அவள் பேசிக் கேட்டதில்லை.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். சின்னப் பானையை வெயிலில் வைத்தாள். 12.10க்குப் பொங்கியது. சூரியனுக்குப் பொங்கல் வைக்கச் சூரியனையே வேலை வாங்குகிறோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருமவில்லை. நான்கு நாளாகவே இருமவில்லை.

ஜனவரி 18, வியாழன்

வெயில். சோறு தயாரானது 12.40.

ஜனவரி 19, வெள்ளி

வெயில். 12.40. செயலர் போனில் விசாரித்தார். மணியைச் சொன்னேன். பரவாயில்லையே என்றார்.

ஜனவரி 22, திங்கள்

காலையில் மேகம், பத்து மணிக்கு மேல் வெயில். 12.40.

ஓட்டையைச் சுற்றிப் பதித்த பலகையில் கருகல் விழுந்திருக்கிறது. ஓட்டைக்கு மேலிருந்து தொடங்கி, மேற்கே வில்லாக வளைந்து, கீழே முடிகிறது. பலகையை நனைத்துவைக்கச் சொன்னேன்.

விறகு அறையின் பூட்டு திறந்திருந்தது. பூட்டச் சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 24, புதன்

வெயில். 12.40. மறுபடி இருமல்.

ஜனவரி 26, வெள்ளி

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்தபோது பதினொன்றே கால். சமையலறையிலிருந்து சத்தம் ஏதும் இல்லை என்பதை நான்தான் முதலில் கவனித்தேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். உதடு கறுத்திருந்தது. உள்ளே விறகடுப்பு முழுத் தீயில் எரிந்துகொண்டிருந்தது.

ஆட்டோவில் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பேச முடிந்தவுடன் அவள் சொன்னது:

“குழம்பு அடுப்புல கிடக்கு டீச்சரு. அப்பறம், நோட்டுல பன்னெண்டு நாப்பதுன்னே எழுதிருங்க.”

ஜனவரி 27, சனி

இந்த நோட்டில் ஜனவரி 18 முதல் 25 வரை நான் எழுதியிருக்கும் மணிகள் பொய். எட்டு நாளும் காலை பத்தரைக்கு மேல் அவள் விறகடுப்பு மூட்டித்தான் சமையலை முடித்தாள். எனக்கு முதல் நாளே தெரியும். தன் வேலை நிலைக்க வேண்டும் என்று அவள் மூட்டினாள். நான் ஏன் எழுதாமல் விட்டேன் என்பதற்கும் அதே காரணம்தான். அந்தப் பக்கங்களில் இன்று சிவப்பு மையால் உள்ளதை எழுதிவிட்டேன்.

பிறகு டெக்னீஷியனைப் போனில் பிடித்தேன். இதுவரை அவரிடமும் ஓரளவு நடக்கிறது என்றே சொல்லிவந்திருந்தேன். இன்று வெளிச்சம் விழுந்த இடங்களை மணிவாரியாக வாசித்தேன். கருகல் வில்லாக வளைந்திருப்பதையும் சொன்னேன். மணிகளை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

ஆடி ஓர் அச்சில் சுழல்கிறது. அந்த அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, நேர் தெற்கு வடக்காக இருந்தால்தான் சூரியன் எங்கே போனாலும் குவியம் நகராமல் ஓரிடத்தில் நிற்கும். அச்சு விலகினால் நடுப்பகலில் மட்டும் சரியாக இருந்து, முன்னும் பின்னும் இப்படித்தான் வில் போடும் என்றார். ஆடி நிற்கும் பீடத்தை நேர் வடக்கில்தான் கட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம், வடக்குச் சுவருக்கு மூலைமட்டம் வைத்துச் சரியாகச் செங்கோணத்தில் கட்டியது என்றேன்.

“அது வடக்குச் சுவர்னு யாருங்க மேடம் சொன்னாங்க?”

எல்லோரும்தான் சொல்கிறோம். வடக்குச் சுவர் ஓரம் செருப்பைக் கழற்று, வடக்குச் சுவர்க் குழாயில் தண்ணீர் பிடி. நான் வந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

ஜனவரி 29, திங்கள்

பீடம் கட்டிய கொத்தனார் சீனியப்பன் காலை ஒன்பதரைக்கு வந்தார். அறுபது வயது. தன் வேலையில் குறை என்ற சொல்லை அவர் ரசிக்கவில்லை.

“நாப்பது வருசமா நீங்கதான் வடக்குச் செவருன்னு சொல்றீக. நானா அதுக்குப் பேரு வச்சேன்? பழைய செவருக்கு மூலமட்டம் பாக்காம நான் மாட்டுத்தொட்டிகூடக் கட்டுனதில்ல. கோணலா ஒண்ணு நின்னா பாக்குறவன் கொத்தனாரத்தான் ஏசுவான்.”

வெயிலுகந்தாள் தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்பது என் உத்தரவு.

“யாரும் உங்கள ஏசல கொத்தனாரே. சூரியன்தான் மூலமட்டத்த மதிக்கல,” என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்ததை மீசையைத் தடவி மறைத்தார்.

முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினார். பத்து மணிக்கு நிழலின் நுனியில் ஓர் ஆணி அடித்தார். கம்பில் கயிறு கட்டி, அந்த ஆணி தொடும்படி மண்ணில் வட்டம் போட்டார். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போனது. பிறகு வளர்ந்து 3 மணி 3 நிமிடத்துக்கு மறுபக்கம் வட்டத்தைத் தொட்டது. அங்கே இன்னோர் ஆணி. இரண்டு ஆணிகளுக்கும் நடுவிலிருந்து கம்புக்குக் கயிறு பிடித்தால் அதுதான் நேர் தெற்கு வடக்கு. அந்தக் கயிற்றையும் பீடத்தின் வாக்கில் பிடித்த இன்னொரு கயிற்றையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒன்பதடி இழுத்துப் பார்த்தார். நுனியில் ஒன்றேகால் அடி விலகல்.

கட்டடம் ரோட்டைப் பார்த்துக் கட்டியது. ரோடு வடக்கைக் கேட்டுப் போட்டதில்லை.

சீனியப்பன் நிழலில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு, பீடம் கட்டிய அன்று அவர் என்னிடம் வந்து கேட்டதையும், சுவருக்கு நேராக நின்றால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று நான் சொன்னதையும் நானே எடுத்துச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அது மறந்திருக்கவில்லை.

“ஒடச்சுக் கட்டிருவோம். கோணலாத்தான் நிக்கணும்னா நிக்கட்டும். எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்புங்க.”

ஜனவரி 31, புதன்

பழைய பீடத்தை உடைத்துப் புதிய அடித்தளம் போட்டாகிவிட்டது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும். அதுவரை விறகடுப்புதான். சீனியப்பனின் மனைவி ஆவுடைத்தாய் வந்து சமைக்கிறார். தீயைத் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். நான் நிற்கிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

கண் எரிகிறது.

பிப்ரவரி 2, வெள்ளி

பதினோரு மணிக்கு மேல் சமையலறைக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரிவதில்லை. குனிந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால்தான் அவள் எப்போதும் குனிந்தே நின்றிருக்கிறாள். அதை முதுகுவலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

எட்டு வருடத்துக்கு முன்பு அவள் ஒரு புகைபோக்கி கேட்டாள். அது என் அலுவலக அறையின் ஜன்னலை ஒட்டிப் போகும் என்று வரைபடம் காட்டினார்கள். அறைக்குள் புகை வரும் என்று வேண்டாம் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இன்று மாலை இதை அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தெரியும் டீச்சரு. அந்த மேஸ்திரி அன்னைக்கே சொல்லிட்டான்.”

எட்டு வருடமாக எனக்குக் கீரை இன்னும் வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறியவள்.

பிப்ரவரி 10, சனி

டெக்னீஷியன் நேற்று வந்து ஆடியைப் புதிய பீடத்தில் பூட்டினார். இப்போது அது கட்டடத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. சுவரின் ஓட்டையையும் அதற்கேற்றபடி சற்றுத் தள்ளி வெட்டினார் சீனியப்பன்.

இன்று காலை, ஒளி சரியாகக் கூடுகிறதா என்று பார்க்க வழி கேட்டேன். டெக்னீஷியன் பலகையை நீட்டிப் பார்க்கலாம் என்றார். வெயிலுகந்தாள் வாசலில் இருந்தபடியே, சாம்பிராணி போட்டால் தெரியுமே என்றாள். விளக்கு வைக்கும்போது ஜன்னல் வெயில் புகையில் கோடு கோடாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறாளாம். அவளைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, தூபக்காலை நான் பிடித்தேன்.

ஆடிக்கும் சுவருக்கும் நடுவே புகை எழுந்ததும் ஒளி தெரிந்தது. ஆடியின் விளிம்பு முழுவதிலிருந்தும் கிளம்பி, நீளக் கூம்பாகக் குறுகி, ஓட்டையின் நட்டநடுவில் ஒரு சாண் அகலத்துக்குள் கூடியது. பதினோரு வருடம் நான் கரும்பலகையில் போட்ட கோடுகள் அத்தனையும் காற்றில் நின்றன. சீனியப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு நடுவில். பதினொன்றுக்கு நடுவில். இரண்டு மணிக்கும் நடுவில்தான் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் நானே போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

வெயில். அவள் சமையலறைக்குத் திரும்ப வந்துவிட்டாள். சோறும் குழம்பும் தயாரானது 12.20. விறகு இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

வெயில். 12.25. விறகு இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

காலையிலிருந்தே மூடாக்கு. ஆவுடைத்தாயை வரவழைத்து விறகடுப்பில் சமைத்தோம். 12.45. வெயிலுகந்தாள் அறைக்குள்ளிருந்து உப்பு, புளி என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் விறகு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 28, புதன்

செயலர் பதினொன்றரைக்கு வந்தார். முதலில் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். சிவப்பு மைப் பக்கங்களுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“டீச்சர், இத்தனை வருசத்துல நீங்க ஒரு கையெழுத்தக்கூட மாத்திப் போட்டு நான் பார்த்ததில்ல.”

“எட்டு நாள் போட்டிருக்கேன் சார்.”

“இத நான் கமிட்டியில வைக்கணும்.”

வையுங்கள் என்றேன். கூடவே பிப்ரவரி 12 முதல் உள்ள பக்கங்களையும் வைக்கச் சொன்னேன்.

சமையலறைக்குள் போனார். சட்டையில் கரி படும் என்று இதற்கு முன் வாசலோடு நின்றுவிடுவார். மேகம் போட்டால் என்ன செய்வாய் என்று வெயிலுகந்தாளிடம் கேட்டார். அன்றைக்கு ஆவுடைத்தாய் சமைப்பாள், நான் வாய் மட்டும் போடுவேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை. சோறு 12.15க்கு இறங்கியது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். முடிவு ஏதும் சொல்லாமல் காரில் ஏறினார்.

மார்ச் 2, சனி

வெயில். 12.20. கடிதம் இல்லை.

மார்ச் 4, திங்கள்

கடிதம் வந்தது. மூன்று வரி. ஆடி இங்கேயே இருக்கலாம். சமையலர் வெயிலுகந்தாள் பணியில் தொடரலாம். மேகமூட்ட நாட்களுக்கு ஆவுடைத்தாயை வைத்துக்கொள்ளலாம். கீழே கையெழுத்துக்குப் பிறகு, நோட்டைப் பத்திரமாக வைக்கவும் என்று பேனாவால் எழுதியிருக்கிறார். கண்டிப்பா, பாராட்டா தெரியவில்லை.

வாசித்துக் காட்டினேன். பூசணிக்காயை நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். மூன்றாவது வரிக்குப் பிறகு காயை வைத்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். நான் மீதிக் காயை நறுக்கினேன். ஒரே அளவில் வரவில்லை.

மார்ச் 7, வியாழன்

வெயில். சோறு தயாரானது 12.40. விறகு இல்லை.

வெயிலுகந்தாள் காலை ஏழு மணி பஸ்ஸில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் வருகிறேன் என்றதற்கு, அப்போது சோற்றை யார் பார்ப்பது என்றாள். ஆவுடைத்தாய் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். ஏழு கிலோ அரிசியை ஊறவைத்து, உலை கொதித்ததும் போட வேண்டும், இரண்டு முறைதான் கிளற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐம்பத்தேழு வயதில் முதல் முறையாக இத்தனை பேருக்குச் சமைத்தேன்.

ஒரு மணிக்குப் போன் வந்தது. ஊதிப் பார்க்கும் மெஷினில் மூன்று முறை ஊதவைத்தார்களாம். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

“போன தடவைக்கு நல்லா ஏறியிருக்காம் டீச்சரு. டாக்டரு நம்பாம இன்னொருக்க ஊதுன்னாரு. என்ன பண்ணுனீகன்னு கேட்டாரு. அடுப்ப மாத்திட்டோம்னேன்.”

எண்ணைக் கேட்டேன். உள்ளங்கையில் எழுதி வாங்கியிருக்கிறாள். வாசித்தாள். நோட்டில் குறித்துக்கொண்டேன். அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டேன். அவள் சிக்னல் போய்விட்டதாக நினைத்து மூன்று முறை டீச்சர், டீச்சர் என்றாள். பிறகு கேட்டாள்.

“சோறு என்னாச்சு?”

பன்னிரண்டு நாற்பதுக்குத் தயார், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

“மணி கிடக்கட்டும். பதம் எப்படி?”

“கொழஞ்சு கஞ்சியாப் போச்சு உகந்தா,” என்றேன். “சீக்கிரம் வா.”

இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறாளாம். மூன்றேகாலுக்குள் வந்துவிடுவாள்.